சாமணேரத் துறவேற்பும் முதல் ஆண்டுப் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் தேரவாத மரபில் ஒரு சிறுவன் துறவேற்பது எப்படி, அதன் பின் அவன் என்ன படிக்கிறான் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். மொட்டையும் காவியும்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் துறவிகளுக்கான ஒழுக்க நூலான வினயத்தின்படி ஒரு சிறுவனைச் சாமணேரர், அதாவது இளந்துறவி, ஆக்குவது அவன் தன் வாயால் சொல்லும் மூன்று சரணங்களே: புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றையும் அடைக்கலமாக ஏற்கும் சொற்கள். ஆகவே உச்சரிப்புக்கும் மனனத்துக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சாமணேரருக்கும் பிக்குவுக்கும் என்ன வித்தியாசம்?

துறவு இரண்டு படிகளில் நடக்கிறது. முதற்படி பப்பஜ்ஜா, அதாவது வீட்டை விட்டு வெளியேறுதல். அதை ஏற்றவர் சாமணேரர். பத்துச் சீலங்களை, அதாவது பத்து ஒழுக்க விதிகளை, காத்து ஒரு குருவின் கீழ் வாழ்வார். சிங்களத்தில் ஹெரண என்பார்கள், ஊரார் அன்போடு பொடி ஹாமதுருவோ என்பார்கள். இரண்டாம் படி உபசம்பதா. அதற்கு இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த இருபதைக் கருவுற்ற காலத்திலிருந்து எண்ணலாம் என்பது வினயத்தின் அனுமதி. உபசம்பதா பெற்றவரே முழுமையான பிக்கு, அவருக்குப் பாதிமொக்கம் என்ற விதித்தொகுப்பின் 227 விதிகள் பொருந்தும்.

எத்தனை வயதில் துறவேற்கலாம்?

வினயத்தின் பொது விதி பதினைந்து வயது. புத்தரின் சீடரான ஆனந்த தேரரை ஆதரித்து வந்த ஒரு குடும்பம் கொள்ளைநோயில் அழிந்து இரண்டு சிறுவர்கள் மட்டும் மிஞ்சியபோது, அந்த விதி தளர்த்தப்பட்டது: காகத்தை விரட்டத் தெரிந்த பையனாக இருந்தால் பதினைந்துக்குக் குறைந்தாலும் சேர்க்கலாம். உரைகாரர் இதை இன்னும் நுணுக்கமாக விளக்குகிறார். இடது கையில் மண்ணாங்கட்டியை வைத்துக்கொண்டு, வருகிற காகங்களை ஓட்டியபடியே முன்னால் இருக்கும் சோற்றைச் சாப்பிட முடிய வேண்டும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பக்குவத்துக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

முதல் சாமணேரரான, புத்தரின் மகன் ராகுலருக்குத் துறவேற்றபோது ஏழு வயது என்பது மரபு. எங்கள் கருத்தில், ஐந்தாம் வகுப்பை முடித்து, தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த பிள்ளையே பொருத்தம். வாசிப்பு வராத பிள்ளை பிக்குகளின் கல்விக்கூடமான பிரிவெனாவில் முதல் மாதத்திலேயே பின்தங்கிவிடும். அந்தக் கூச்சத்தில் மனனமும் கெடும்.

பெற்றோரின் சம்மதம் கட்டாயமா?

ஆம். ராகுலர் துறவேற்ற செய்தி கேட்ட பாட்டனார் சுத்தோதனர், பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, நரம்பையும் எலும்பையும் அறுத்து, எலும்பு மச்சையில் போய் நிற்கிறது என்று புத்தரிடம் முறையிட்டார். பெற்றோர் அனுமதியில்லாத மகனுக்குத் துறவளிக்கக் கூடாது என்ற விதி அங்கே பிறந்தது. தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தால் இருவரின் சம்மதமும் வேண்டும்.

நடைமுறையில் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் முதல் நாளிலேயே விகாரையின் தலைமைப் பிக்குவான விகாராதிபதியின் கையில் இருக்க வேண்டும். துறவேற்ற பின் பௌத்த அலுவல்கள் திணைக்களத்தில் சாமணேரப் பதிவு செய்யப்படும். இது 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க பௌத்த ஆதனங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு பரீட்சை விண்ணப்பத்திலும் அடையாள அட்டையிலும் பழைய பெயர் ஓரிடம், துறவுப் பெயர் ஓரிடம் என்று வந்து பிள்ளை அலைய நேர்கிறது. துறவுப் பெயர் பெரும்பாலும் ஊர்ப் பெயரை முன்னால் கொண்ட பாளிப் பெயராக இருக்கும். அதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்பதைப் பதிவுக்கு முன்பே முடிவுசெய்து, எல்லாப் படிவங்களிலும் அப்படியே எழுதுங்கள்.

வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்பதற்காக மட்டும் பிள்ளையைக் கொண்டுவந்து விடாதீர்கள். அந்தக் கஷ்டத்துக்கு, விகாரையை ஆதரிக்கும் ஊராரின் தாயகர் சபையிடம் நேரே உதவி கேட்கலாம். தன் விருப்பம் இல்லாமல் வந்த பையன் சீவரத்தை, அதாவது துறவு உடையை, சுமையாகத்தான் உணர்வான்.

என்னென்ன பொருட்கள் வேண்டும்?

அட்டபிரிகர என்ற எட்டுப் பொருட்கள்: மூன்று சீவரங்கள், பாத்திரம், சவரக் கத்தி, ஊசி, இடைப்பட்டி, நீர் வடிகட்டும் துணி. மூன்று சீவரங்களில் இடுப்பில் கட்டுவது அந்தனய, மேலே போர்த்துவது தனிபட சீவரம், இரட்டை மடிப்பாகத் தைத்தது தெபட சீவரம். இந்த மூன்றாவது உபசம்பதா பெற்றவருக்கு உரியது, சாமணேரர் முதல் இரண்டையே உடுத்துவார்.

கட்டி வைத்து விற்கும் பொதியை அப்படியே வாங்காமல் பிரித்துப் பாருங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் தெரிகிறதா? தெரிந்தால் வேண்டாம். பெரியவர்கள் அளவுச் சீவரம் பத்து வயதுப் பிள்ளையின் காலைத் தடுக்கும். மாற்று உடுப்பாக இன்னொரு சோடியும் தேவை, மழைக்காலத்தில் ஒன்று காயவே இரண்டு நாளாகும்.

சீவரத்தில் உள்ள தையல் கோடுகள் அலங்காரத்துக்கு அல்ல. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, அதுபோலத் துண்டுகளை இணைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் தைத்துக் காட்டிய வடிவம் அது. துண்டுவரிசைகள் ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் வரும்.

சடங்கு எந்த வரிசையில் நடக்கும்?

முதலில் முடி மழித்தல். முதல் கற்றையைக் குரு வெட்டி, பையனின் கையில் கொடுத்து ஐந்து சொற்களைச் சொல்லித் தருவார்: கேஸா, லோமா, நகா, தந்தா, தசோ. தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்று பொருள். பிறகு அதையே பின்னோக்கி: தசோ, தந்தா, நகா, லோமா, கேஸா. கையிலிருக்கும் அந்த மயிர்க்கற்றையைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். இதுவே பையனின் முதல் தியானப் பாடம். மழிப்பவர் அவசரப்பட்டு முழுத் தலையையும் முடித்துவிட்டு அதன் பிறகு சொற்களைச் சொன்னால் பாடத்தின் பொருள் போய்விடும்.

குளித்து வெள்ளையுடுத்து வந்த பையன், கட்டிய சீவரப் பொதியை இரு கைகளிலும் ஏந்தி, குருவின் முன் குந்தி உட்கார்ந்து துறவு கேட்பான். எல்லாத் துக்கத்திலிருந்தும் விடுபட்டு நிப்பானத்தை (நிர்வாணத்தை) நேரில் அடைவதற்காக இந்தக் காவியை ஏற்றுக்கொண்டு, என் மேல் இரங்கி எனக்குத் துறவளியுங்கள் என்பது அந்த வேண்டுதலின் பொருள். மூன்று முறை சொல்லிப் பொதியைக் கொடுப்பான். பிறகு அந்தக் காவியைத் தந்து துறவளியுங்கள் என்று மூன்று முறை கேட்டுத் திரும்பப் பெறுவான். இரண்டு வேண்டுதல்களுக்கும் இடையே மாறுவது இரண்டே சொற்கள்: முதலில் ‘இமங் ... கஹெத்வா’, அடுத்து ‘ஏதங் ... தத்வா’. பையன்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த இரு சொற்களை மட்டும் தனியே எடுத்து, பொதியைக் கொடுத்தும் வாங்கியும் பயிற்சி செய்தால் சரியாகிவிடும்.

சீவரம் அணிந்து வந்ததும் மூன்று சரணங்கள், பத்துச் சீலங்கள். அதன் பின் குருவைத் தன் உபாத்தியாயராக இருக்கும்படி மூன்று முறை வேண்டுவான். நாம் வாத்தியார் என்று சொல்லும் சொல் இதே உபாத்தியாயரிலிருந்து வந்ததுதான். உபாத்தியாயராக இருக்க ஒரு பிக்கு உபசம்பதா பெற்றுப் பத்து வஸ் காலங்களாவது (ஆண்டுதோறும் வரும் மழைக்காலத் தங்கல்) நிறைத்திருக்க வேண்டும்.

சரணங்களின் உச்சரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் போதாதா?

உபசம்பதாவில் சங்கத்தின் சார்பில் வாசகத்தை ஓதுபவரின் உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் போதும். பப்பஜ்ஜாவில் அப்படியல்ல. சொல்லிக் கொடுப்பவர், திருப்பிச் சொல்பவர், இருவர் வாயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வினய உரை வலியுறுத்துகிறது. குரு எவ்வளவு பெரிய பண்டிதர் என்றாலும் பையன் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பை அவரால் ஈடுசெய்ய முடியாது.

தமிழ் எழுத்தில் ‘புத்தம் சரணம் கச்சாமி’ என்று எழுதினால் அதில் பல ஒலிகள் மறைந்துவிடுகின்றன. முதல் எழுத்து ‘புகை’யில் வரும் பு அல்ல, ‘கம்பு’வில் வரும் பு. அடுத்த ‘த்த’, ‘பத்து’வின் வல்லொலி அல்ல. ‘பந்து’வில் வரும் துவின் மெல்லிய ஒலியை அழுத்தி, கடைசியில் மூச்சைச் சேர்த்து விட வேண்டும். ‘சரணம்’ என்பதன் ச, ‘பச்சை’யின் ச அல்ல, ஸ. ‘கச்சாமி’யின் முதல் க, ‘பங்கு’வில் கேட்கும் ஒலி. அதன் ‘ச்சா’ மூச்சோடு வரும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். மூச்சொலி வரும் இடத்தில் கையில் காற்றுப் பட வேண்டும். ஒரு சொல்லுக்குள் எங்கே காற்றுப் படுகிறது என்பதைப் பிள்ளை இப்படி ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். எழுதிக் காட்டினால் ஒரு மாதமானாலும் பிடிபடாது.

இறுதி ஒலியிலும் கவனம் வேண்டும். உரை இரண்டு முறைகளைத் தருகிறது. மூக்கொலியில் முடித்தால் மூன்று சொற்களையும் இடைவெளி விடாமல் ஒரே தொடராகச் சொல்ல வேண்டும்: புத்தங் ஸரணங் கச்சாமி. மகர ஒற்றில் முடித்தால் ஒவ்வொன்றையும் பிரித்து, உதட்டை மூடிச் சொல்ல வேண்டும்: புத்தம், ஸரணம், கச்சாமி. ஐயத்துக்கு இடம் வைக்காமல் பல குருமார் இரண்டு முறையிலும் சொல்ல வைக்கிறார்கள். நல்ல வழக்கம். கெடுவது எங்கே என்றால், தொடராகச் சொல்ல வேண்டியதை நடுவில் மூச்சு வாங்கி உடைப்பதும், பிரித்துச் சொல்ல வேண்டியதில் உதட்டை மூடாமல் விடுவதும்தான்.

எனவே துறவேற்பு நாளுக்குச் சில மாதங்கள் முன்பே பையன் வெள்ளையுடையில் பன்சலையில் (விகாரையில்) வந்து தங்குவது நல்லது. தினமும் பத்து நிமிடம் குருவின் வாயைப் பார்த்துச் சொன்னால் போதும். சிங்களமோ பாளியோ கேட்டுப் பழகாத தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் காலத்தை இரட்டிப்பாக்குங்கள்.

சீவரம் வழுக்கி வழுக்கி விழுகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் அடி உடுப்பில்தான் தவறு. அது தொப்புளை மூடி, முழங்காலுக்குக் கீழே எட்டு விரற்கடை வரை, சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கட்டினால் நடக்க நடக்க இறங்கும். பட்டியை மடிப்பின் மேல் இறுக்கிக் கட்டி, உடுப்பின் மேல் விளிம்பை அதன் மேல் ஒரு சுற்று உருட்டிவிடுங்கள்.

போர்வையில் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து இறுக்கமாக உருட்ட வேண்டும். தளர்வாக உருட்டினால் தோளில் நிற்காது. கஞ்சி போட்ட புதுத் துணியும் வழுக்கும், ஆகவே அணிவதற்கு முன் இரண்டு முறை துவையுங்கள். மடிக்கும்போது தினமும் ஒரே கோட்டில் மடித்தால் நடுவில் துணி இற்றுப்போகும். ஒவ்வொரு தடவையும் விளிம்பை நான்கு விரற்கடை தள்ளி மடிக்க வேண்டும் என்பது குருவுக்கு மாணவன் செய்யும் பணிவிடைகளில் புத்தரே சொல்லித் தந்தது.

நண்பகலுக்குப் பின் சாப்பாடில்லை. வளரும் பிள்ளை தாங்குமா?

சரியாக ஏற்பாடு செய்தால் தாங்கும். காலைத் தானம், அதாவது ஊரார் படைக்கும் உணவு, வயிறு நிறைய இருக்க வேண்டும், பகல் தானம் 11 மணியளவில் தொடங்க வேண்டும். பாடம், பிரித் (காப்புச் சூத்திரம் ஓதுதல்) என்று இழுத்து 11.45க்கு உட்கார வைத்தால் பிள்ளை அள்ளிப் போட்டு விழுங்கும், அல்லது பாதியில் எழும்பும். இரண்டுமே வயிற்றைக் கெடுக்கும். பருப்பு, முட்டை, மீன், கீரை என்று தானத்தில் என்ன வருகிறதோ அதில் பிள்ளைக்குப் போதுமான பங்கு வைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

மாலையில் கிலன்பச என்னும் பானங்களும் மருந்துகளும்: வடிகட்டிய பழரசம், வெறும் தேநீர், பனங்கட்டி அல்லது கருப்பட்டி. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தும் மருந்தாக ஏழு நாள் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

சாப்பிடும் முறைக்குத் தனிப் பயிற்சி உண்டு. சேகிய என்ற 75 நடத்தைப் பயிற்சி விதிகளில் 30 விதிகள் உணவைப் பற்றியவை. அவற்றில் இரண்டு தமிழ்க் காதுக்கு உடனே புரியும்: ‘சபுசபு’ என்று சப்புக்கொட்டிச் சாப்பிடாதே, ‘சுருசுரு’ என்று உறிஞ்சாதே. பாளியில் சொற்களே அப்படித்தான்.

தவறு செய்தால் என்ன தண்டனை?

பத்துச் சீலங்களில் முதல் ஐந்தை மீறுவது, மும்மணிகளை இகழ்வது, தவறான கொள்கையை விடாமல் பிடிப்பது, பிக்குணியைக் கெடுப்பது ஆகிய பத்தும் நீக்கத்துக்குரியவை. சிறிய குற்றங்களுக்குத் தண்டகம்மம் உண்டு: சில இடங்களுக்குப் போகத் தடை, தண்ணீர் சுமத்தல், மணல் கொட்டுதல், முற்றம் கூட்டுதல் போன்றவை.

இதில் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாமணேரருக்கு உணவைத் தடுத்துத் தண்டிக்கக் கூடாது என்று வினயம் நேரடியாக விலக்கியிருக்கிறது. அவருடைய உபாத்தியாயரைக் கேட்காமல் வேறொரு பிக்கு தண்டனை விதிப்பதும் கூடாது. அடிப்பதற்கு வினயத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

பிள்ளை எங்கே தூங்கும்? பாதுகாப்பு எப்படி?

உபசம்பதா பெறாத ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் பிக்கு இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் படுக்கக் கூடாது என்பது விதி. ஆரம்பத்தில் ஓர் இரவுகூட அனுமதியில்லை. அப்போது இடம் கிடைக்காத ராகுலர் கழிப்பறையில் போய்ப் படுத்தார், அதைக் கண்ட பிறகே புத்தர் அந்த இரண்டு மூன்று இரவுகளை அனுமதித்தார். பிள்ளைகளை மறந்து விதியைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி.

நடைமுறையில் சாமணேரர்களுக்குத் தனி அறை, தனித்தனிக் கட்டில், இரவு விளக்கு இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். முன்னறிவிப்பில்லாமல் பெற்றோர் வந்து பார்க்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஏதாவது சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். புத்த சாசனத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று மறைக்க வேண்டாம், மறைப்பதுதான் சாசனத்தைக் கெடுக்கிறது.

முதல் ஆண்டில் என்ன படிப்பார்?

முதலில் அன்றாடம் ஓத வேண்டியவை: சரணங்கள், பத்துச் சீலங்கள், உடை, உணவு, இருப்பிடம், மருந்து ஆகிய நான்கையும் பயன்படுத்தும்போது நினைக்க வேண்டிய நான்கு சிந்தனைகள், உடலின் 32 கூறுகள். அடுத்து மங்கல, ரதன, கரணீய மெத்த சூத்திரங்கள், மாலைப் பிரித்துக்கு இவை மூன்றும் வேண்டும். பிறகு 423 பாக்கள் கொண்ட தம்மபதத்தை வர்க்கம் வர்க்கமாக.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது சாமணேர வினாக்கள். ‘ஒன்று என்பது என்ன? எல்லா உயிர்களும் உணவால் நிலைக்கின்றன.’ ‘இரண்டு? நாமமும் ரூபமும் (மனமும் உடலும்).’ ‘மூன்று? மூன்று வேதனைகள் (உணர்வுகள்).’ இப்படிப் பத்து வரை. ஏழு வயது சோபாகர் புத்தருக்குச் சொன்ன பதில்கள் இவை என்பது மரபு. ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல என்று விளையாட்டாகவே மனதில் பதியும்.

நாளுக்கு நான்கு அடிகள் போதும். புதியதைத் தொடங்கும் முன் நேற்றையதை ஒருமுறை, வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை. கைப்பேசியில் ஓடும் பதிவைக் கேட்டுப் படிக்கும் பிள்ளைக்கு ராகம் வரும், சொல் வராது. நடுவில் ஓர் அடியை நிறுத்திக் கேட்டால் தொடங்கத் தெரியாமல் விழிக்கும். குருவின் முன் உட்கார்ந்து, பொருளோடு, சொல் பிரித்துப் படித்தது நிற்கும்.

பிரிவெனா என்பது பாடசாலைதானா?

அரசு அங்கீகாரம் பெற்ற பிக்குகள் கல்விக்கூடம். 1979ஆம் ஆண்டின் 64ஆம் இலக்க பிரிவெனாக் கல்விச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. மூலிக பிரிவெனா ஐந்தாண்டு. பாளி, சமஸ்கிருதம், சிங்களம், திரிபிடக தர்மம் ஆகியவற்றோடு ஆங்கிலமும் கணிதமும் உண்டு. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளும் எழுதலாம். பிராசீன என்னும் மரபுவழிக் கீழைமொழிப் படிப்பில் போவோர் பிராரம்ப, மத்தியம, அவசான என்ற மூன்று படிகளைத் தாண்டிப் பண்டிதராகிறார்கள். கொழும்பு மாளிகாகந்தையில் 1873இல் தொடங்கிய வித்தியோதயமும், பேலியகொடையில் 1875இல் தொடங்கிய வித்தியாலங்காரமும் பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களாக வளர்ந்தவை.

தமிழ் படித்த பிள்ளைக்குப் பாளி இலக்கணம் கடினமா?

ஒலி கடினம், இலக்கணம் அவ்வளவு கடினமில்லை. தமிழின் எட்டு வேற்றுமைகளை எழுவாய், ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி என்று ஒப்பித்த பிள்ளைக்குப் பாளியின் எட்டும் அதே வரிசையில் காத்திருக்கின்றன. படமா எழுவாய், துதியா ஐ, ததியா ஆல், சதுத்தீ கு, பஞ்சமீ இன், சட்டீ அது, ஸத்தமீ கண், கடைசியில் ஆலபன என்னும் விளி. அந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ‘புத்த’ என்ற சொல்லை வேற்றுமைப்படுத்தச் சொல்லுங்கள், முதல் வாரத்திலேயே பயம் போய்விடும். வினயத்தைப் பாக்களாகச் சுருக்கித் தந்த புத்ததத்தர் சோழ நாட்டில் காவிரிக் கரையில் இருந்து எழுதியவர் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இந்த மொழி நமக்கு அந்நியமில்லை.

எந்த நிகாயவில் சேர்ப்பது? சாதி பார்ப்பார்களா?

1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரரால் தொடங்கிய சியம் நிகாய, 1803இல் பர்மா வழியாக வந்த அமரபுர நிகாய, 1864இல் தோன்றிய ராமஞ்ஞ நிகாய என மரபாக மூன்று பிக்குப் பிரிவுகள்; பின்னைய இரண்டும் 2019இல் ஒன்றிணைந்தன. பத்துச் சீலங்களும் பாடங்களும் எல்லாவற்றிலும் ஒன்றே. சியம் நிகாயவின் பிரதான பீடங்களில் உபசம்பதா கொவிகம சாதியினருக்கு மட்டும் என்ற வழக்கம் இருக்கிறது, அமரபுர தோன்றியதற்கு அதுவே காரணம். வினயத்தில் இதற்கு இடமில்லை. சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் துறவளிக்கப்பட்டு, வினயத்தில் முதன்மையானவர் என்று போற்றப்பட்ட, புத்தர் காலத்து உபாலி ஒரு நாவிதர். எனினும் பிள்ளையைச் சேர்க்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், இருபது வயதில் அவர் அதை அறிந்து உடையக் கூடாது.

துறவேற்ற மகனை எப்படி அழைப்பது?

துறவேற்ற அன்றே தாயும் தகப்பனும் மகனை வணங்குவார்கள். அதன் பின் வா, போ கிடையாது. ‘சாது, வாங்கோ’, ‘அமருங்கோ’, ‘தானம் எடுங்கோ’ என்பதே முறை. முதல் சில வாரம் தாய்க்கு நாக்கு தடுமாறும், அதில் குற்றமில்லை. ஆனால் கட்டியணைக்க ஓடிவருவதையும் கையில் காசு திணிப்பதையும் தவிர்க்க வேண்டும். பத்தாவது சீலம் பொன், வெள்ளி, பணம் ஏற்பதை விலக்குகிறது. பேருந்துச் செலவு முதலியவற்றைத் தாயகர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

வரலாம். சாமணேரர் சீவரம் களைய எந்தச் சங்க நடவடிக்கையும் தேவையில்லை. குருவிடம் சொல்லி, வணங்கி, வீட்டு உடையை உடுத்திக்கொண்டால் போதும். பின்னாளில் மனம் மாறினால் மீண்டும் துறவேற்கத் தடையுமில்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பிள்ளையைப் பிடித்து வைக்காதீர்கள். திரும்பும் பிள்ளையின் பிரிவெனாச் சான்றிதழ்களை வாங்கி, திணைக்களப் பதிவை நீக்கி, அருகிலுள்ள பாடசாலையில் அடுத்த தவணைக்குள் சேர்த்துவிடுங்கள்.